உப்பிலியபுரத்து நரியும் என் வாயும்

கல்யாண வீடியோ எடுத்துப் பழகியவனுக்கு வாய் சும்மா இருக்காது. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் உப்பிலியபுரம் போன பிறகுதான் தெரிந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாக மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி. ட்ரோனில் மாலையைக் கட்டி மணமேடையில் இறக்கிய பெருமையும் உண்டு (மாலை மாமனார் கழுத்தில் விழுந்தது, அது வேறு விஷயம்). சலித்துப் போயிருந்த நேரத்தில், பச்சைமலை பற்றி ஆவணப்படம் எடுக்கும் சென்னை மேடம் ஒருவர் உள்ளூர் கேமராமேன் தேடினார்.

"ஒரு நாள் காலைல எடுத்துக் காட்டுங்க. பிடிச்சிருந்தா வருஷம் முழுக்க எங்களோட வேலை" என்றார்.

நான் அன்றே கையிலிருந்த மூன்று கல்யாணங்களையும் உதறினேன். இனிமேல் மனிதர்களை எடுப்பதில்லை என்று தெருவுக்கே சொல்லிவிட்டேன். என் மனைவி சுமதி, "முதல்ல அங்க போய் ஏதாவது எடுத்துட்டு வாங்க, அப்புறம் மனுஷங்களை வேணாம்னு சொல்லலாம்" என்றாள். கேட்டேனா?

உப்பிலியபுரம் பக்கம், மலையடிவாரத்தில் காளிமுத்து அண்ணனின் மரவள்ளித் தோட்டம். அதன் ஓரத்துக் குட்டைக்கு விடிந்ததும் நரி தண்ணீர் குடிக்க வரும் என்றார் அவர். பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால் மூவரும் உட்கார்ந்தோம். திறமையைக் காட்ட முதலில் ட்ரோனை ஏற்றினேன். அது போட்ட இரைச்சலில் கொக்குகள், குரங்குகள், அண்ணன் வீட்டுக் கோழிகள் வரை இடத்தைக் காலி செய்தன.

மேடம் திரையைப் பார்த்தார். "மலை நல்லா வந்திருக்கு. உயிரோட ஏதாவது இருந்தா இன்னும் நல்லா இருக்கும். அதை இறக்கிடுங்க."

இறக்கினேன். கேமராவுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் கொசுக்களுக்கு ரத்ததானம் செய்தேன். அப்போதுதான் நரி வந்தது. இளவெயில் அதன் முதுகில் விழ, பக்கவாட்டில் நின்று நக்கி நக்கிக் குடித்தது. எல்லாம் சரி, முகம் மட்டும் கேமராவில் விழவில்லை. அசையக் கூடாது என்று மேடம் சைகை காட்டினார். மூச்சை அடக்கினேன். வாயை அடக்க மறந்துவிட்டேன்.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க! சிரிச்ச முகமா!"

நாதஸ்வரத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று பழக்கிய தொண்டை அது. நரி பார்த்தது. காதுகளை நிமிர்த்தி, நேராக லென்ஸைப் பார்த்தது. இத்தனை வருடத்தில் எந்த மாப்பிள்ளையும் அவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. அந்த மகிழ்ச்சியில், "ஒன் மோர்!" என்றும் சொல்லித் தொலைத்தேன். அதைக் கேட்க நரி அங்கே இல்லை.

மேடம் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஃபிரேம் பிரமாதம்ங்க. ஆனா என் படத்துல மிருகம் கேமராவைப் பாக்கக் கூடாது. கேமராமேன் மிருகத்துக்கிட்ட பேசவும் கூடாது."

வேலை போய்விட்டது என்று புரிந்தது. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. காளிமுத்து அண்ணன் மட்டும் என் முதுகில் தட்டினார். "தம்பி, நரி முகத்துல முழிச்சிருக்கீங்க. இனிமே உங்களுக்கு யோகந்தான்!"

உதறிய கல்யாணங்களில் ஒன்றாவது திரும்பக் கிடைக்குமா என்று மூன்று வீட்டுக்கும் நடந்தேன். ஒன்று கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் மூலம் கதை ஸ்ரீரங்கம் முழுக்கப் பரவியது. அவருக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? சுமதி சொல்லியிருக்கிறாள்.

இப்போது எங்கள் குடும்ப விசேஷங்களில் குரூப் போட்டோவுக்கு எல்லோரையும் நிறுத்தி, "இங்க பாருங்க" என்றதும் அத்தனை பேரும் தலையை மட்டும் திருப்பி ஒரு நொடி முறைப்பார்கள். அடுத்த நொடி மேடை காலி. போன மாதம் சமயபுரத்தில் என் மச்சினன் கல்யாணம். தாலி கட்டிய கையோடு முதலில் ஓடியது மாப்பிள்ளைதான்.