சம்பந்தனார் பொன்னரளி காத்த படலம்

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று கமண்டல நாகநதியின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். ஆற்றில் தண்ணீர் இல்லை என்பதற்காக ஆணை செல்லாமல் போய்விடாது.

வாழ்க சம்பந்தனார்! ஆரணிப் பட்டுத்தறி மூன்றுக்கும் தனிப்பெரும் வேந்தர். பல்லாயிரம் இழைகளுள் ஓரிழை தலைதூக்கினும் உண்ணாது உறங்காது அதை வேட்டையாடும் கழுகுக் கண்ணர். மடித்துக் கட்டிய கைலியே கவசமாக, சட்டைப்பையில் செருகிய நூல்வெட்டும் கத்திரியே உடைவாளாக உலவிய உத்தமர். இத்தகைய மாவீரர் ஆண்ட நிலப்பரப்பு, வாசல் கேட்டுக்கு உட்புறம் மூன்றடிக்கு நான்கடி. அங்கே ஒரு பொன்னரளிச் செடி. வைத்து இரண்டு வருடம் ஆகிறது. இலை உண்டு, கிளை உண்டு, பூ மட்டும் பேருக்கு ஒன்று கிடையாது.

பொறுமை கடந்த பட்டத்தரசி ஸ்வர்ணலதா, முரசில்லாமலே போர் முழங்கினாள்: "ஆடிக் கிருத்திகை வரைக்கும்தான் பாப்பேன். பூக்கலன்னா புடுங்கிப் போட்டுட்டு அங்க என் ஸ்கூட்டிய நிறுத்திக்குவேன். வெயில்ல நின்னு நின்னு சீட்டு கிழிஞ்சி தொங்குது!"

சீறி எழுந்தார் செம்மல். முட்டை ஓட்டுத் தூளை வெண்ணீறாய்த் தூவி, மீன் கழுவிய தண்ணீரைத் தெருவே மூக்கைப் பொத்தி ஓட அபிஷேகித்து, வேரடியில் அணிவகுத்த எறும்புச் சேனையை எறும்புச் சாக்பீஸால் கோடு கிழித்துத் தடுத்து, அந்தக் கோட்டைத் தாமே மிதித்து அழித்து, மீண்டும் கிழித்து, நெருப்பெனக் கனன்று நின்ற அந்நாயகர், ஒவ்வொரு மாலையும் தறியை விட்டு இறங்கியதும் உடைவாளை உருவினார். புடவையில் பிசிறு நீட்டினால் நறுக்கிப் பழகிய கை அல்லவா? செடியில் எந்தக் கிளை எந்தத் துளிரை அரை விரல் நீட்டினாலும் சரக்கென்று தலை உருண்டது. இலைகள் களத்தில் பிணமாய்க் குவிந்தன. செடி, இஸ்திரி போட்ட தலையணை போலச் சதுரமாய் நின்றது.

"நுனியெல்லாம் நறுக்கிகினே இருந்தா மொட்டு எங்கங்க வந்து குந்தும்?" என்றாள் அரசி.

"பிசிறோட விடறவன் நெசவாளியே இல்ல!" என்று எட்டுத் திக்கும் அதிரப் பிரகடனம் செய்தார் அரசர்.

பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "அண்ணே, செடிக்கு மொட்டை போடறேன்னு எந்தக் கோயிலுக்கு நேந்துகினீங்க?"

மாவீரரோ, கத்திரியைச் சாணை பிடிக்கக் கொடுத்தார்.

நாள்கள் உருண்டன. ஆடிக் கிருத்திகையும் விடிந்தது. காவடிகள் தெருவில் கிளம்பிய அவ்வேளையில், அம்மம்ம, என் சொல்வேன்! சாயப் பட்டறையின் மஞ்சள் அத்தனையும் தோற்று ஓட, கொத்துக் கொத்தாய், மணி மணியாய், கிளைக்கு ஒன்பது பத்தாய்ப் பூத்துக் குலுங்கி நின்றது பொன்னரளி! ஸ்கூட்டி வெயிலிலேயே நின்றது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, சற்றே தள்ளாடி, வெற்றிக் களத்தில் எழுந்தருளிய சம்பந்தனார், காவடி பார்க்க வந்த கூட்டத்தை நிறுத்தி வைத்து முழங்கினார்: "பாத்துக்கோங்க! கத்திரிக்குத்தான் பூ மசியும்! ஒரு மாசமா எப்டி நறுக்கினேன், எப்டிப் பாடுபட்டேன், இந்தச் செடிக்குத்தான் தெரியும்!" கூட்டமும் வாய் பிளந்து கேட்டது. இரண்டு பேர் தங்கள் வீட்டுச் செடியை நறுக்கப் போவதாகவும் சொல்லிப் போனார்கள்.

அதற்கு முந்தின இருபத்திரண்டு நாளும் சம்பந்தம் சிக்குன்குனியா வந்து கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை.