கிரேக்கத்தை நான் ஒன்றாக்கிய கதை

பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் பெற்றவர்கள் கை வைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சரித்திரமும் புவியியலும் படிப்பித்த காலத்தில் எத்தனையோ தாய்மாரை இதைச் சொல்லி அதட்டியிருக்கிறேன். மொன்றியலுக்கு அகதியாக வந்த முதல் குளிர்காலத்திலேயே நானே கை வைத்தேன். முழங்கை வரைக்கும்.

மகள் தர்சினிக்கு அப்போது பதினொரு வயது. புதிதாக வந்த பிள்ளைகள் பிரெஞ்சு பழகும் வகுப்பில் இருந்தாள். பழங்காலக் கிரேக்கம் பற்றி அவள் வகுப்பில் பேசவேண்டும்; நன்றாகப் பேசினால் சாதாரண வகுப்புக்கு ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் அங்கேதான். (அவளுடைய புள்ளிகள் நேரே எங்கள் அகதி விசாரணைக் கோப்புக்குப் போகும் என்று நான் நம்பினேன். யாராவது கதவைத் தட்டினாலே நடுங்கிய காலம் அது.)

வந்த நாள் முதல் ஊமையாக இருந்த எனக்குக் கிரேக்கம் என்றதும் வாய் திறந்துகொண்டது.

"கவனமாக் கேள். அங்க முழுக்க மலை. அதால ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒவ்வொரு ராச்சியம். றோட்டு எண்டால் கடல்தான். கிரீட் தீவுச் சனம் கப்பலோட்டித்தான் பெரிசா வந்தது. அதுகளிட்டப் பழகித்தான் பெருநிலத்து மைசீனிக்காரர் எழுதப் படிச்சவை."

"அம்மா, எனக்கு மூண்டு நிமிசந்தான் தருவினம்."

வரைபடம் போதாது, மலை மலையாகவே நிற்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். என் கணவர் ஒரு பிட்சாக் கடையில் கோப்பை கழுவினார். மிஞ்சிய மா உருண்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். பார்வைக்கு ரொட்டி மா மாதிரியே இருந்தது. கடலுக்கென்று எடுத்த நீலக் காகித மட்டையில் அதை அப்பி மலைகளும் தீவுகளும் செய்து, காயட்டும் என்று ஹீட்டரின் மேல் வைத்தேன்.

காலையில் ஏஜியன் கடலைக் காணவில்லை. மா பொங்கித் தீவுகளை விழுங்கியிருந்தது. கிரீட் போய்ப் பெருநிலத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு ஊர் ஒத்துப்போகாத தேசத்தை ஒரே இரவில் ஒன்றாக்கிவிட்டேன்.

"உது ஈஸ்ட் போட்ட மா எல்லோ! என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" என்றார் கணவர்.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

வேறு செய்ய நேரமில்லை. நானும் மகளுமாகப் பனியில் அதைச் சுமந்துபோனோம். ஆசிரியை என்னையும் பின்வரிசையில் இருத்தினார். பிறகு மா மலைகளைப் பார்த்து மகளிடம் ஏதோ கேட்டார். கடல் எங்கே என்றுதான் கேட்டிருப்பார். வேறென்ன கேட்க இருந்தது?

தர்சினி என்னை நோக்கிக் கை நீட்டிப் பிரெஞ்சில் பேசினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்து, எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு மரியாதையாக "மெர்சி", நன்றி, என்றேன். வகுப்பே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் மாவைப் பிய்த்தாள். நீல மட்டை தெரிந்தது. கிரீட் தனியாக வந்தது. பிய்க்கப் பிய்க்கப் பேசினாள்; மூன்று நிமிடம் பத்து நிமிடமாகியும் யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் கை தட்டினார்கள். ஆசிரியையும் தட்டினார்.

வெளியே வந்ததும், "என்னடி சொன்னனீ?" என்றேன்.

"கடல் இல்லாட்டிக் கிரேக்கம் இப்பிடித்தான் ஒரு பெரிய பேக்கரிப் பாணாக் கிடந்திருக்கும், கப்பலும் இல்லை, எழுத்தும் இல்லை எண்டு. அதைக் காட்டத்தான் அம்மா வேணுமெண்டு இப்பிடிச் செய்தவா எண்டு."

நடுவீதியில் நின்று அழுதேன். அடுத்த கிழமை அவளைச் சாதாரண வகுப்புக்கு ஏற்றினார்கள்.

இன்று அவளுக்கே இரண்டு பிள்ளைகள். நான் நாளுக்கு நாலு தரம் போன் எடுத்து, சாப்பிட்டாயா, காரைக் கவனமாக ஓட்டு என்று தொடங்கினால், மறுமுனையில் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தே கத்துவார்கள்: "கடலுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கோ!"

உடனே போனை வைத்துவிடுவேன். ஒரு பத்து நிமிடத்துக்கு.