அழகப்பனின் சிவப்பு கார்

தார் ரோடு போட்டு முடித்த கையோடு கார் கம்பெனிக்காரர்கள் வந்து கடை திறந்துவிட்ட ஒரு காட்டில், அழகப்பன் என்றொரு கழுதை இருந்தது. ஆற்றங்கரை உப்பு மண்டியில் மூட்டை சுமப்பது அதன் வேலை. அதன் மனைவி மரகதம் சந்தையில் புல்லுக்கட்டு விற்றது. சாப்பாடும் கொட்டகை வாடகையும் போக மாசக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அதை வைத்து என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருப்பதே இருவருக்கும் பொழுதுபோக்கு. பேச்சு முடிவதற்குள் அடுத்த மாசம் வந்துவிடும்.

மரகதத்தின் தங்கை கோமளத்தை துரைப்பாண்டி என்ற குதிரைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கோமளத்துக்கு வளைகாப்பு வந்தது. பிறக்கப்போவதைக் குதிரை என்பதா, கழுதை என்பதா என்று சொந்தக்காரர்களுக்கு உள்ளுக்குள் குழப்பம். ஆனாலும் யாரும் வாய் திறக்காமல் கலவைச் சாதம் சாப்பிட்டார்கள். அழகப்பனும் மரகதமும் வளையல் தட்டை முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டு, வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். அதே நேரம் பார்த்து துரைப்பாண்டி ஒரு வெள்ளைக் காரிலிருந்து இறங்கியது.

"என்ன சகலை, நடந்தேவா வந்தீங்க?" என்றது குதிரை. "ஒரு போன் போட்டிருந்தா வண்டியை அனுப்பியிருப்பேனே."

குதிரை அன்பாகத்தான் கேட்டது. ஆனால் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பி அழகப்பனின் காலில் படிந்திருந்த புழுதியைப் பார்த்தார்கள். மரகதம் அன்று இலையில் வைத்த எதையும் தொடவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் மரகதம் நின்றுவிட்டது. பிறகு, "நாலு கால் இருக்கிறவங்களுக்கு எதுக்குங்க காருன்னு மட்டும் சொல்லாதீங்க. குதிரைக்கும் நாலு கால்தான்" என்றது.

அழகப்பன் அப்படித்தான் சொல்ல இருந்தது.

மறுநாள் அழகப்பன் கார் கடைக்குப் போனது. கழுத்தில் டை கட்டிய ஒரு மைனா நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தது.

"மாசம் எவ்வளவு சார் மிச்சம் பிடிக்கிறீங்க?"

அழகப்பன் உள்ளதைச் சொன்னது.

"நல்லது சார். தவணை அதைவிடக் கொஞ்சம்தான் கூட வரும்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு மடங்கு சார். ஆனா முன்பணம் ஒரு பைசா வேண்டாம். குளம்பை மட்டும் இங்கே பதிச்சா போதும்."

அழகப்பனை இதற்கு முன்னால் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. மண்டியில் எல்லோரும் அதைக் கழுதை என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறார்களா திட்டுகிறார்களா என்று அதற்குக் கடைசிவரை விளங்கியதில்லை. சார் என்ற வார்த்தையின் மயக்கம் தீர்வதற்குள், மைனா காட்டிய இடத்திலெல்லாம் குளம்பை மசியில் தோய்த்து வைத்துவிட்டது. கடன் கொடுத்தது குகைவாசல் ஃபைனான்ஸ் என்ற கம்பெனி.

சிவப்பு நிறக் கார் வீட்டுக்கு வந்தது. மரகதம் ஆரத்தி எடுத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது. உள்ளே உட்கார்ந்தால் காது கூரையில் இடித்ததால் அழகப்பன் ஒரு காதை ஜன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வந்தது. வலது பக்கம் திரும்பப் போகிறது என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். மரியாதைக்காக ஒதுங்குகிறார்கள் என்று மரகதம் நினைத்தது. அந்த ஒரு மாசம் இருவரும் மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அடுத்த மாசத்திலிருந்து தவணை ஆரம்பித்தது.

முதலில் பருத்திக்கொட்டையை நிறுத்தினார்கள். பிறகு தவிட்டை நிறுத்தினார்கள். சந்தையில் விற்காமல் மிஞ்சும் புல்லைத்தான் வீட்டில் சாப்பிடுவது என்று மரகதம் முடிவு செய்தது. அதனால் வியாபாரம் நன்றாக நடந்த நாளெல்லாம் பட்டினி கிடந்தார்கள். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அழகப்பன் மண்டிக்கு நடந்தே போனது. ஒரு மூட்டை சுமந்த இடத்தில் இரண்டு மூட்டை சுமந்தது. சாயங்காலம் வந்ததும் இருவரும் நிற்கிற காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

"பாட்டு போடட்டுமாங்க?"

"பேட்டரி இறங்கிடும்."

"கண்ணாடியையாவது இறக்குங்க. புழுங்குது."

"அதுவும் பேட்டரிதான்."

இவ்வளவு செய்தும் தவணை நின்றுபோனது. கம்பெனியிலிருந்து வசூலுக்கு ஒரு கழுதைப்புலி வந்தது. வந்தவரின் பெயரில் பாதி கழுதை என்று இருந்ததால், எப்படியும் தூரத்துச் சொந்தமாக இருக்கும், கொஞ்சம் இரக்கம் காட்டும் என்று அழகப்பன் நம்பியது. கம்பெனியோ பெயரின் மறுபாதிக்குத்தான் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை பணம் இருக்கணும். இல்லாட்டி வண்டியை எடுத்துடுவோம்," என்றது கழுதைப்புலி. சொல்லிவிட்டு அதன் வழக்கப்படி சிரித்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமைதான் கோமளத்தின் குட்டிக்குப் பெயர் வைக்கும் விழா.

"இந்தத் தடவையும் நடந்து போனா நான் உள்ளே வர மாட்டேன், வாசல்லயே நின்னுக்குவேன்," என்றது மரகதம். அது அழவில்லை. அழுதிருந்தால் அழகப்பன் சமாதானம் சொல்லிச் சமாளித்திருக்கும்.

காரில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. அழகப்பன் மண்டியிலிருந்து தாம்புக்கயிறு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தது. ஒரு நுனியைக் காரின் முன்பக்கம் கட்டியது. மறுநுனியைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. மரகதம் பட்டுத்துண்டு போர்த்திக்கொண்டு உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தது. துரைப்பாண்டியின் தெருமுனை வரைக்கும் இழுத்துவிட்டு, அங்கே கயிற்றை அவிழ்த்து, இறக்கத்தில் உருளவிட்டு வாசலில் போய் நிற்பது என்று ஏற்பாடு. நினைத்ததைவிடக் கார் லேசாகவே வந்தது. வாழ்நாள் முழுக்க உப்பு மூட்டை சுமந்த உடம்பு அது.

பாலத்தருகே கழுதைப்புலி குறுக்கே வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருந்தேனே."

"விசேஷத்துக்குப் போறோம் தம்பி. போய்ட்டு வந்து..."

"பணம் இருக்கா?"

கயிறு அறுத்து அழகப்பனின் நெஞ்சு சிவந்திருந்தது. கழுதைப்புலி அதைப் பார்த்தது, காரைப் பார்த்தது. உள்ளே நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மரகதத்தையும் பார்த்தது. அன்று அது சிரிக்கவில்லை.

"எப்படியும் இழுக்கத்தான் போறீங்க. அப்படியே கம்பெனிப் பக்கம் திருப்பி இழுங்க," என்றது.

வேறு வழியில்லாமல் அழகப்பன் தன் காரைத் தானே ஜப்தி செய்துகொண்டு போனது. மரகதம் கீழே இறங்க மறுத்துவிட்டது. "இனிமே எப்போ உட்காரப்போறேன்," என்று சொல்லிவிட்டது.

குகைவாசல் ஃபைனான்ஸின் மேனேஜர் ஒரு முதலை. யார் என்ன கஷ்டத்தைச் சொன்னாலும் அதன் கண் கலங்கிவிடும். ஆனால் வட்டி குறையாது. அழகப்பன் கதையைச் சொல்லச் சொல்ல முதலை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தது. திடீரென்று துடைப்பதை நிறுத்தியது.

"கிரேன் இல்லாமலா கொண்டுவந்தே?"

"ஆமாங்க."

"அவ்வளவு தூரத்திலிருந்தா? உள்ளே ஆளோடயா?"

"என் சம்சாரங்க. இறங்க மாட்டேன்னுட்டா."

முதலை எழுந்து போய் ஜன்னல் கதவைத் திறந்தது. காடு முழுக்க யாரும் தவணை கட்டுவதில்லை. எந்தக் காரிலும் பெட்ரோல் இல்லை. கிரேன் வாடகையே கம்பெனியைச் சாப்பிடுகிறது என்று வெளியே பார்த்தபடி சொன்னது. தவணை கட்டாதவர்களின் வண்டிகளை இழுத்து வரும் வேலையை நீ பார். உன் தவணையைக் கூலியில் பிடித்துக்கொள்கிறோம். உன் வண்டியை நீயே எடுத்துக்கொண்டு போகலாம் என்றது.

"எடுத்துட்டுப் போங்கன்னா, திரும்பவும் இவர்தானே இழுக்கணும்," என்றது மரகதம் காருக்குள்ளிருந்து.

பெயர் வைக்கும் விழாவுக்கு அவர்கள் போய்ச் சேரவே இல்லை.

மண்டியை விட்டுவிட்டு இந்த வேலை தொடங்கிய புதிதில் அழகப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. கரடியின் ஜீப்பை இழுத்தபோது அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மந்தி வீட்டு வேனை இழுத்தபோது குட்டிகள் பின்னாலேயே ஓடி வந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஆனால் தவணை ஒழுங்காகக் கழிந்தது. பருத்திக்கொட்டை திரும்ப வந்தது. கொஞ்ச நாளில் சாப்பாடும் இறங்கியது.

ஒரு நாள் கழுதைப்புலி கொடுத்த முகவரி துரைப்பாண்டியுடையதாக இருந்தது. வெள்ளைக் கார் வாசலில் நின்றது. துரைப்பாண்டி அதன் மேலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தது. கோமளம்தான் உள்ளேயிருந்து சொம்போடு வந்தது.

"இந்தாங்க அத்தான், மோரைக் குடிச்சிட்டு இழுங்க."

"பொங்கலுக்கு முன்னாடியே தவணை நின்னுபோச்சு சகலை," என்றது துரைப்பாண்டி மெதுவாக. "அன்னைக்கு வண்டி அனுப்பறேன்னு சொன்னேனே, நல்லவேளை நீங்க கேட்கல. அப்பவே பெட்ரோல் கிடையாது. தெருமுனை வரைக்கும் தள்ளிட்டு வந்து, இறக்கத்துலதான் ஏறினேன்."

அழகப்பன் கயிற்றைக் கட்டியது. துரைப்பாண்டி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தானும் ஒரு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டது.

"நானும் பிடிக்கிறேன். நாலு பேர் பார்க்கறதுக்குள்ளே தெருவைத் தாண்டிடணும்."

கழுதையும் குதிரையும் சேர்ந்து இழுத்ததில் கார் அதுவரை போகாத வேகத்தில் போனது.

அடுத்த வருஷம் காட்டில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பியது. புல் இடுப்புயரம் வளர்ந்தது. எல்லோருக்கும் வருமானம் வந்தது. பாக்கி வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்று பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். காடே சந்தோஷமாக இருந்தது. இழுக்க ஒரு வண்டி இல்லாமல் அழகப்பன் மட்டும் வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தவணை கேட்டு முதலை இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டது. புல் எங்கும் சும்மாவே கிடைத்ததால் மரகதத்தின் வியாபாரமும் படுத்துவிட்டது.

அப்போது எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த முயல், மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தது. இருவருக்கும் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, நீங்க கார் வெச்சு அனுபவப்பட்டவங்க. நாங்களும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எங்க வருமானத்துக்குத் தவணை கட்ட முடியுமா? நீங்க சொல்றதுதான் முடிவு."

மரகதம் கணவனின் முகத்தைப் பார்த்தது. அழகப்பன் முயலைப் பார்த்தது. முயலின் மனைவி ஆசையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புக் காரையும் பார்த்தது. நடந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று அதற்குத் தொண்டை வரைக்கும் வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கியது.

"தாராளமா வாங்குங்க தம்பி. ஏன் முடியாது?"

முயலுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அப்போ பெரிய வண்டியாவே பார்த்துடலாமா அண்ணே?"

"பெரிசு வேண்டாம்," என்றது அழகப்பன் தன் நெஞ்சைத் தடவியபடி. "சின்னதா, எடை கம்மியா இருக்கிறதா பாருங்க."

நீதி: அடுத்தவர் கடன் வாங்கும்போது குறுக்கே நிற்காதே, எடை குறைந்ததாக வாங்கச் சொல்.