நூறு பாட்டும் ஒரு கூரையும்

மாரி தொடங்குவதற்கு முன் வானொலியில் நல்ல பாட்டு நூறு கண்டுபிடித்துவிடுவது என்று இக்னேசியஸ் தீர்மானித்தார். மாரிக்கு முன் குசினிக் கூரையின் ஓட்டைத் தகரத்தை மாற்றுவிப்பது என்று அவர் மனைவி எல்சி தீர்மானித்திருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு தீர்மானம்.

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்து இளைப்பாறிப் பென்சன் எடுக்கும் மனிதர். கூரையில் ஏறுவதென்றால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும். ஆகவே வானொலிக்கு முன்னால் கதிரையைப் போட்டார். சினிமாப் பாட்டு, சிங்கள பைலா, ஞானப்பாட்டு, ஆங்கிலப் பாட்டு என்று நிலையம் நிலையமாகத் திருப்பினார். பாட்டு, நேரம், நேயர்கள் அழைக்கும் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் அச்சடித்த மாதிரி எழுதினார்.

"இஞ்சருங்கோ, தகரம்?"

"முப்பத்தேழாவது பாட்டிலை நிக்கிறன். இப்ப எழும்ப ஏலாது."

"மழை வந்தா சோத்துக்கை ஒழுகும்."

"ஆராய்ச்சி நடக்கேக்கை சோத்துக்கதை கதைக்காதை."

எல்சி பேசாமல் போய்விட்டாள். அவள் பேசாமல் போனால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருடத்தில் மனிதர் அதைப் படிக்கவில்லை.

வியாழன் பின்னேரம் அறிவிப்பாளர் தேனாகக் குழைந்தார்: "அடுத்த பாடலை விரும்பிக் கேட்கிறார் திருகோணமலையிலிருந்து எல்சி. சனிக்கிழமை குசினித் தகரம் மாற்றித் தருவதாக வாக்களித்திருக்கும் அன்புக் கணவர் இக்னேசியஸுக்காக!"

அவர் அப்படி வாக்களிக்கவே இல்லை. பதறிப்போய் பைலா நிலையத்துக்குத் தாவினார். அங்கே சிங்களத்தில் "இக்னேசியஸ் மஹத்தயா" என்றார்கள். பின்னால் "குஸ்ஸிய" என்று குசினியும் வந்தது. ஆறு மணிக்கு ஆங்கில நிலையமும் அவரை வாழ்த்தியது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ஆனந்தராசாவின் தலை எழும்பியது.

"அண்ணை, சனிக்கிழமை கூரையிலை ஏறுறியளாம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பாக்க வாறம்."

குச்சவெளியிலிருந்து மச்சாள் போன் எடுத்து வாழ்த்தினாள். பங்குத்தந்தை வீதியில் மறித்து, கவனமாக ஏறச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இக்னேசியஸ் எல்சியைப் பிடித்தார்.

"எல்லா நிலையத்தின்ரை நம்பரும் உனக்கு எப்பிடிக் கிடைச்சது?"

"நீங்கள்தானே கொப்பியிலை வடிவா எழுதி வைச்சிருக்கிறியள். ஆராய்ச்சி எண்டா நாலு பேருக்குப் பயன்படோணும்."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. வானொலிக்கு அழைத்து மறுத்தால் அதையும் இதே ஊர்தான் கேட்கும்.

"சரி, சரி. ஏணியைக் கொண்டுவந்து சாத்து."

"அது புதன்கிழமையே சாத்தியாச்சு. தகரமும் மேலை ஏத்தியாச்சு. இனி ஏத்த மிச்சம் நீங்கள் மட்டும்தான்."