நீந்தத் தெரிந்த ஒரே அப்பா

"நீங்கள் ஒருத்தர்தான் 'ஓம்' எண்டு போட்டிருக்கிறீங்கள், தம்பி" என்றார் குலசிங்கம் மாஸ்டர் தொலைபேசியில்.

அருள்நேசனுக்கு விளங்கவில்லை. "எதுக்கு மாஸ்டர்?"

"நீந்தத் தெரியுமோ எண்ட கேள்விக்கு. மற்ற ஐஞ்சு அப்பாமாரும் 'இல்லை'. அதால கடலில இறங்கிற நேரம் எல்லாருக்கும் பொறுப்பு நீங்கள்தான்."

குலசிங்கம் மாஸ்டர் தேவாலயத்தின் 'கலங்கரை' சிறுவர் அணியை நடத்துபவர். சனிக்கிழமைகளில் பையன்களுக்கு வேதவசனம் சொல்லிக்கொடுப்பார். கூடாரம் அடிக்க, முடிச்சுப் போடப் பழக்குவார். ஆவணி விடுமுறையில் திரியாய்க் கடற்கரையில் இரண்டு நாள் முகாம். ஒவ்வொரு பையனோடும் அவனுடைய அப்பாவும் வரவேண்டும் என்பது விதி.

அருள்நேசன் துறைமுகத்தில் களஞ்சிய எழுதுவினைஞர். அவருடைய மேசைக்கு நேரே யன்னல், யன்னலுக்கு நேரே கடல். ஆனால் இருபது வருடங்களாக அவர் கால் கடல் தண்ணீரில் பட்டதில்லை. சுனாமி வந்த அன்று அவருக்குப் பதினாறு வயது. நத்தாருக்கு மறுநாள். ஒன்பது வயதுத் தங்கை ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மதிலில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கை அவரிடம் இல்லை.

மகன் திலக்சனிடம் அவர் இதைச் சொன்னதேயில்லை. முகாம் படிவத்தில் 'இல்லை' என்று போட்டால் பிள்ளையை முகாமில் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்து, 'ஓம்' என்று போட்டிருந்தார்.

"இப்பவே போன் எடுத்துப் பிழையாப் போட்டிட்டன் எண்டு சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி கீர்த்தனி.

"ஏலாது. தேவாலயத்துப் போமில பொய் எழுதினன் எண்டு சொல்லவோ?"

 கீர்த்தனி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

முகாமுக்கு மூன்று வாரம் இருந்தது. கூட வேலை செய்யும் கிண்ணியா றுமைஸிடம் விசயத்தைச் சொன்னார்.

"அதென்ன பெரிய வேலை அண்ணன்? ஒரு கிழமையில மீனாக்கிக் காட்டுறன்" என்றான் றுமைஸ்.

வேலை முடிந்ததும் கிண்ணியாவுக்குக் கூட்டிப்போய், தன் மாமாவின் தோணியில் ஏற்றினான். அருள்நேசன் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். ஒரு மணி நேரமாகியும் தண்ணீரில் இறங்கவில்லை.

"சரி அண்ணன், நாளைக்குப் பாப்பம்" என்ற றுமைஸ், அவருடைய மனம் தேறட்டும் என்று ஒரு படம் எடுத்தான். 'கடலில் எங்கட அருள் அண்ணன்' என்று முகநூலிலும் போட்டுவிட்டான்.

அன்று இரவே மாஸ்டர் அழைத்தார். "படம் பாத்தன் தம்பி. நீந்தத் தெரிஞ்ச ஆள், அதுக்குமேல பயிற்சியும் எடுக்கிறீங்கள்! முகாமில, தண்ணியில தாழுற ஆளை எப்பிடிக் காப்பாத்திறது எண்டு பிள்ளையளுக்குச் செய்து காட்டவேணும்."

அருள்நேசன் பதறிப்போய், "மாஸ்டர், எனக்குக் காதுக்குள்ள சீழ். தண்ணி படக்கூடாதாம்" என்றார்.

காதோடு முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அவரை முன்னுக்குக் கூப்பிட்டார். நூற்றிருபது பேர் எழுந்து நின்று அருள்நேசனின் காதுக்காக ஜெபித்தார்கள். எந்தக் காது என்று போதகர் மெல்லக் கேட்டார். அருள்நேசன் இடது காதைக் காட்டினார். பின்வரிசையில் ஒரு கிழவி கண்ணீரோடு "ஆண்டவரே, அந்தப் பிள்ளையின்ர காது" என்று மன்றாடியதை அவருடைய இரண்டு காதுகளும் தெளிவாகக் கேட்டன.

அடுத்த ஞாயிறு வாசலிலேயே மறித்தார்கள். "எப்பிடி இருக்குது காது?"

சுகமில்லை என்றால் நூற்றிருபது பேருடைய ஜெபம் வீண். சுகம் என்றால் கடல்.

"சுகம்" என்றார்.

காது சுகமானதற்குச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மேடையில் நின்று ஒலிவாங்கியைப் பிடித்தபோது, முன்வரிசையில் திலக்சன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அருள்நேசன் இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கினார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

முகாமின் இரண்டாம் நாள் காலை பத்து மணி. திரியாய்க் கடல் குளம்போலக் கிடந்தது. ஆறு பையன்களும் ஆறு அப்பாமாரும் கரையில் வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் அருள்நேசனின் கழுத்தில் விசிலை மாட்டினார்.

"இறங்குங்கோ தம்பி."

அருள்நேசன் நடந்தார். நுரை வந்து பாதத்தைத் தொட்டது. அதற்குமேல் கால் எடுபடவில்லை. கரைப் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், எனக்கு நீந்தத் தெரியாது. காதிலயும் ஒரு வருத்தமும் இருக்கேல்லை. எல்லாம் பொய்."

அவர் மகனைப் பார்த்தார்.

"திலக்சன், உனக்கு ஒரு மாமி இருந்தவ, என்ரை தங்கச்சி. ஒம்பது வயசு. என்ரை கையிலயிருந்துதான் கடல் கொண்டுபோனது."

திலக்சன் வரிசையை விட்டு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். இறுக்கமாகத்தான் பிடித்தான்.

நடுவில் நின்ற ஒரு அப்பா மணலில் குந்திவிட்டார். "என்ரை அம்மா" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், "எனக்கு அண்ணன்" என்றார். மற்றவர்கள் கடலைப் பார்க்காமல் மணலைப் பார்த்தார்கள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இனி என்ன மாஸ்டர்?" என்றார் அருள்நேசன் கடைசியில். "பிள்ளையளை ஆர் தண்ணியில பாத்துக்கொள்ளுறது?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள், வரிசையில் ஆகச் சின்னவனான இராகுலன் கையை உயர்த்தினான்.

"மாஸ்டர், அம்மாமாரிட்ட மட்டும் கையெழுத்து வாங்கி நாங்கள் சனிக்கிழமையளில மூண்டு மாசமா நீந்தப் பழகினது, இந்த அப்பாமாருக்குப் பழக்கத்தான் எண்டு இப்பவாவது சொல்லலாமோ?"