நின்ற இடத்தில் கரைந்த மின்சாரம்

கதை எழுதிப் பழக்கமில்லாத நான் இத்துணிவை மேற்கொண்டதற்கு, வாசிக்கும் பெரியோர் முதற்கண் பொறுத்தருள வேண்டும். நகைச்சுவைக் கதையாகவே இதைத் தொடங்கினேன். சிரிப்பு எந்த இடத்தில் வரும் என்பதை மட்டும் உறுதியாகக் கூற இயலவில்லை.

"நேத்து நைட்டு ஃபுல் பண்ணேன். நூறு! என் கண்ணால பாத்தேன். இப்ப பாதி கூட இல்ல!"

வாகன நிறுத்துமிடத்திலிருந்து மாடி நோக்கிக் கத்தியவர், கண் வங்கி ஒன்றில் பணிபுரியும் டெக்னீஷியன். இறந்தவர் வீட்டுக்குச் சென்று, தானமளிக்கப்பட்ட கண்களைச் சில மணி நேரத்துக்குள் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது அவர் தொழில். தாமதமானால் அக்கண்கள் எவருக்கும் பயன்படா.

"ம்," என்றார் மாடியிலிருந்து அவர் மனைவி.

"ஓடின கிலோமீட்டர் அப்படியே இருக்கு. வண்டி நகரவே இல்ல. நின்ன இடத்துலயே சார்ஜ் எப்படிப் போகும்?"

"ம்."

கண் வங்கியின் டீசல் வேன் பழுதானபோது, தம் மின்சாரக் காரைப் பணிக்குத் தர அவரே முன்வந்திருந்தார். அதன் நன்மைகளை எடுத்துரைப்பதில் அவருக்குச் சலிப்பே கிடையாது. புகை இல்லை, சத்தம் இல்லை. துக்க வீட்டு வாசலில் வந்து நின்றாலும் எவர் அழுகையும் கலையாது. தீமைகளையும் அவர் மறைத்தாரல்லர். அவற்றையும் அதே நீளத்துக்கு விளக்குவார். அலுவலகத்தில் கேட்க ஆளில்லாததால், உறங்கும்வரை மனைவியிடம் விளக்குவார்.

அன்று ஏசியை அணைத்து, நத்தைபோல் ஊர்ந்து, வியர்வை சொட்டச் சொட்டத் துக்க வீட்டை அடைந்தார். வேலை எப்படியோ முடிந்தது. ஆனால் மேலாளர் அம்மையார் முகம் கடுத்தது.

"இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா என்ன ஆயிருக்கும்? பேசாம டாக்ஸி பிடிச்சுப் போங்களேன்."

"டாக்ஸி புகை விடும் மேடம்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க புகையே இல்லாத வீட்டுல உக்காந்திருக்கலாம்."

வேலைக்கே ஆபத்து என்பதை உணர்ந்த அவர், திருடனைக் கண்டுபிடிக்க முற்பட்டார். கீழ்வீட்டில் ஒரு பல் மருத்துவர் குடியிருந்தார். நல்லவர். தம் வீட்டு மின்மீட்டரிலிருந்து காருக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள அனுமதித்திருந்தவரும் அவரே. அவருடைய ஜன்னலோரம் நீண்ட வயர் ஒன்று சுருண்டு கிடந்தது.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரியில என் வண்டியிலேருந்து கரண்ட் எடுக்கறீங்களா?"

மருத்துவர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"என் கரண்ட்டைத்தான் உங்க வண்டிக்குக் குடுக்கறேன். அதையே திரும்ப நான் திருடறேனா?"

"ஒரு சந்தேகம்தான்..."

"யோவ், நான் புடுங்கறது பல்லு! போய்யா!"

அன்றே சார்ஜர் கழற்றப்பட்டது. பல்லாண்டு நட்பும் அத்துடன் கழன்றது.

டெக்னீஷியன் தம் படுக்கையறை ஜன்னல் வழியே வயரைக் கீழே இறக்கினார். படுக்கையறை ஏசியும் சார்ஜரும் ஒன்றாக ஓடினால் வீடே இருண்டுவிடும். ஆகவே ஏசியை நிறுத்தினார்.

"ஃபுல் ஆனதும் வயரைக் கழட்டிடணும். நைட்டு முழுக்கச் சொருகி வச்சா பேட்டரிக்கு ஆகாது. அப்புறம் ஏசியைப் போட்டுக்கலாம். அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம், சரியா?"

"ம்."

வயரைக் கழற்றிவிட்டுப் படுத்தவர், ஏசியைப் போட மறந்து, லித்தியத்தின் இயல்புகளைப் பேசிக்கொண்டே உறங்கிப்போனார். காலையில் சார்ஜ் முன்னைவிடவும் அதிகமாகக் குறைந்திருந்தது.

வண்டியைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த இளம்பெண் கணினியை உற்றுப் பார்த்தாள்.

"பேட்டரி அருமையா இருக்கு சார். ராத்திரி வீட்ல யாராவது யூஸ் பண்றாங்களா?"

"கிலோமீட்டரே ஏறலம்மா! என்ன கேள்வி இது?"

"இல்ல சார், சும்மா கேட்டேன்."

வீடு திரும்பியவர் அந்தப் பெண்ணின் அறியாமையைப் பற்றி மனைவியிடம் நெடுநேரம் பேசினார். பிறகு நன்மைகளை மீண்டும் வரிசைப்படுத்தினார். அதன்பின் தீமைகள்.

"நீ என்ன நினைக்கறே? வண்டியை வச்சுக்கலாமா, குடுத்துடலாமா?"

மனைவி முதன்முறையாக முழு வாக்கியம் ஒன்றைக் கூறினார்.

"வண்டி இருக்கட்டுங்க."

அவர் நெகிழ்ந்துபோனார். தம் ரசனை தம் துணைவிக்கும் தொற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டார்.

அடுத்து வந்த அழைப்பு கொடியது. விபத்தில் ஒரு பள்ளி ஆசிரியை இறந்திருந்தார். சின்ன வயது. அவருடைய தந்தை முதலில் மறுத்து, பிறகு அழுது, கடைசியில் சம்மதித்திருந்தார். அந்தக் கண்களுக்காக இரண்டு நோயாளிகளை மருத்துவமனையில் வெறும் வயிற்றோடு படுக்க வைத்திருந்தார்கள்.

"டாக்ஸி அனுப்பறேன், ஏறிப் போங்க," என்றார் மேலாளர்.

"வேண்டாம் மேடம். போறதுக்குப் போதும்னு வண்டியே காட்டுது."

வண்டி காட்டியது சமதளக் கணக்கு. வழியில் மேம்பாலம் இருந்தது. அதன் உச்சிக்குச் சற்று முன்பாக, யாதொரு ஓசையுமின்றிக் கார் நின்றது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"என்ன சார், பெட்ரோல் தீந்துபோச்சா?"

"கரண்ட்."

"பெட்ரோல்னா பாட்டில்ல வாங்கியாந்து குடுப்பேன். கரண்ட்டை எதுல சார் வாங்கறது?"

கண்களை வைப்பதற்கான பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் மேம்பாலத்தில் ஓடினார். பனிக்கட்டி உருகிச் சட்டையை நனைத்தது. இறங்கி, ஒரு ஆட்டோ கிடைத்து, அந்த வீட்டை அடைந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

அவர் சொன்னதைத் தந்தை கேட்டுக்கொண்டார்.

"கண்ணாவது எங்கயாவது பாத்துக்கிட்டு இருக்கும்னு நெனச்சேன் தம்பி," என்றார்.

அன்று மாலையே டெக்னீஷியனுக்கு வேலை போயிற்று. அவர் எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலை ஒரு முடிவுக்கு வந்தார். பழைய கார் வாங்குபவரை வரவழைத்து, கேட்ட விலைக்கே வண்டியைக் கொடுத்துவிட்டார்.

"இனிமே ஒரு தொல்லையும் இல்ல," என்று மனைவியிடம் கூறினார். "வயர் வேண்டாம். ஏசி ராத்திரி பூரா ஓடும். நான் இனிமே வீட்லயேதான் இருப்பேன். காலையிலேருந்து நிறையப் பேசிக்கிட்டு இருக்கலாம்."

கார் ஓசையின்றித் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, திடீரென வாய்விட்டு அழுதார். திருமணமான நாளிலிருந்து அவர் அப்படி அழுது கணவர் கண்டதில்லை. வேலை போன துக்கம் என்று எண்ணி, புதிய வேலை தேடும் வழிமுறைகளை விளக்கத் தொடங்கினார். பாதி விளக்கத்தில் மனைவி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். எப்போது திரும்புவார் என்பதைச் சொல்லவில்லை.

ஆளற்ற நிறுத்துமிடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தபோது, பல் மருத்துவரின் மனைவி வெளியே வந்தார். நட்பு முறிந்த பிறகு அவர் பேசுவது அதுவே முதல்முறை.

"ஏண்ணா, வண்டியைக் குடுத்துட்டீங்களாமே?"

"ஆமாம்மா. தானா சார்ஜ் இறங்கற வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"தானாவா? நீங்க தூங்கினதும் அக்கா மாத்துச் சாவியை எடுத்துக்கிட்டு வந்து, ஏசியைப் போட்டு, பின்சீட்டுல படுத்துக்குவாங்களே! யார் பேச்சும் கேக்காம தூங்கறதுக்கு அவங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அந்த ரூமைப் போய் வித்துட்டீங்களேண்ணா!"

இழந்தவை: ஆசிரியையின் இரு கண்கள். இரண்டு நோயாளிகளின் பார்வை. ஒரு வேலை. ஒரு கார். அண்டை வீட்டு நட்பு. மனைவி.

இவற்றுள் கடைசியாகக் குறித்ததை அவர் இழந்தது அன்றைக்குத்தானா என்பதை என்னால் கூற இயலவில்லை. பொறுத்தருள்க.