மத்தியானம் இரண்டு மணிக்கு விடியும் வீடு

சூரியனைக் கும்பிட்டவர்கள் உலகத்தில் கோடிப்பேர் இருப்பார்கள். அதை போன் போட்டு எழுப்பிவிட்டவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் விடியல் அண்ணாச்சி.

தொண்ணூறுகளில் நாங்கள் கல்கத்தாவில், காளிகாட் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். மாடியில் நானும் என் மனைவியும். எனக்கு ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை. கீழே அண்ணாச்சி, மதினி, அவர்களுடைய ஒரே மகள் உமா. அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் எலெக்ட்ரிகல் பிரிவில் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று உண்டு. அதை ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் உபயோகித்ததில்லை.

அவர் வீட்டுக் கூடத்தில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே கடல் நீர், நாலைந்து மீன், அப்புறம் பவளம். பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லை நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்துக்கொண்டு போய் ஏமாந்திருக்கிறேன். இவை உயிருள்ளவை. ஒன்று காளான் கூட்டம் போல் இருக்கும், ஒன்று விரல் விரலாக நீட்டிக்கொண்டு ஆடும். சிங்கப்பூரில் பண்ணையில் வளர்ந்ததை ஒரு கப்பல் சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்தது. "இதுக்குச் சோறு வேண்டாம் வே. வெளிச்சத்தத் தின்னே வளரும்" என்றார் அண்ணாச்சி. செலவில்லாத பிள்ளை போலிருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த மாதம் அவர் வீட்டுக் கரண்ட் பில்லைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

அண்ணாச்சி வேலை முடிந்து வீடு வர மாலை ஆறு மணி ஆகும். பவளமோ வெளிச்சம் இருக்கும்போதுதான் விரியும், இருட்டினால் சுருங்கிக்கொள்ளும். ஊர் சூரியனை நம்பினால் இவர் வரும் நேரத்தில் அது படுத்துவிடும். ஆகவே அண்ணாச்சி தமக்கென்று ஒரு சூரியன் வைத்துக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு விடியல், மாலை ஆறு மணிக்கு உச்சிவேளை, இரவு பத்துக்கு அஸ்தமனம். அதன்பின் மறுநாள் இரண்டு மணி வரை கும்மிருட்டு. ஊரெல்லாம் வெயில் கொளுத்தும் காலை வேளையில் அந்தக் கூடத்தின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கும். லோட் ஷெட்டிங் என்று கரண்ட் போனால் அந்த வீட்டில் அதற்குப் பெயர் கிரகணம்.

விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் டைமர் அப்போது அவரிடம் இல்லை. மதினிதான் டைமர். போன் எங்கள் வீட்டில் இருந்ததால் தினமும் இரண்டு மணிக்கு மணி அடிக்கும். என் மனைவி எடுத்தால், "அண்ணாச்சி பேசுதேன். விடிஞ்சிட்டா?" என்று குரல் வரும். இவள் பால்கனிக்கு ஓடி, "மதினி, விடிஞ்சிடுச்சா?" என்று கத்துவாள். கீழேயிருந்து, "விடிஞ்சிட்டு, விடிஞ்சிட்டு!" என்று தூக்கம் கலைந்த குரல் வரும். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாள் இது மதறாஸ்காரர்களின் சூரிய பூஜை என்று நினைத்து, கொஞ்ச நாள் அதே நேரத்துக்கு ஜன்னலில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். "லோகத்துல சூரியன எழுப்பிவிடுத பொம்பள நான் ஒருத்திதான் தம்பி" என்பார் மதினி. விடுமுறை நாட்களில் அண்ணாச்சியே எழுப்புவார். எழுப்பிவிட்டு மாடியைப் பார்த்து, "விடிஞ்சிட்டு வே!" என்று அறிவிப்பார். நான் அப்போது சாப்பிட்டுவிட்டுக் கையலம்பிக்கொண்டிருப்பேன்.

நேரத்தை நிர்ணயித்தவருக்குச் சரியான வெளிச்சம் கிடைக்க வருஷக்கணக்கானது. முதலில் சாதாரண டியூப் லைட் போட்டார், பவளம் பழுப்படித்துப் போனது. மஞ்சள் ஹாலஜன் போட்டார், தொட்டி முழுக்கப் பாசி பிடித்துக் கோயில் தெப்பக்குளம் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு எஸ்ரா தெருவுக்குப் போனார். அங்கே தெருவே விளக்குக் கடைதான். ஒரு கடையில் ஏறி நின்று, தூத்துக்குடி வங்காளியில், கடலுக்கு அடியில் பத்தடி ஆழத்தில் இருக்குமே, அந்த வெளிச்சம் வேண்டும் என்றார். கடைக்காரர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாக, "பியே பாடி, நா பூஜோ?" என்று கேட்டார். கல்யாண வீட்டுக்கா, பூஜைக்கா என்று அர்த்தம். அவரைப் பொறுத்தவரை மனிதனுக்கு விளக்கு தேவைப்படுவது அந்த இரண்டுக்குத்தான்.

கடைசியில் மைதானங்களில் போடுகிற மாதிரி ஒரு மெட்டல் ஹாலைடு பல்பும், அதற்கு முன்னும் பின்னும் எரிய ஒரு நீல டியூபும் அமைந்தன. நீலம் முதலில் வந்தால் விடியல், கடைசியில் வந்தால் அந்தி. ஹாலைடு எரிந்தால் கூடம் அடுப்பங்கரை மாதிரி காயும். மதினி சும்மா விடுவாரா? ஆடி ஆவணி மழையில் கல்கத்தாவே பூஞ்சை பிடித்துக் கிடந்தபோது, விளக்குக்கு மேலே தட்டு வைத்து மோர்மிளகாய் காயப் போட்டார். ஒரு மிளகாய் தவறித் தொட்டிக்குள் விழுந்தது. அண்ணாச்சி சட்டையோடு தோள்வரை கையை விட்டு அதை மீட்டெடுத்த வேகத்தை, ஆளே விழுந்திருந்தாலும் காட்டியிருக்க மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. தொட்டிக்கு ராத்திரி என்றால் கூடத்தில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. காலை ஒன்பது மணிக்குப் பேப்பர் கேட்கப் போனால், உதட்டில் விரலை வைத்து, "மெதுவா வே, தூங்குது" என்பார்.

"பவளத்துக்குக் காது கிடையாது அண்ணாச்சி!" என்று நான் வேண்டுமென்றே கத்துவேன்.

"உமக்கு இருக்குல்லா? சொன்னாக் கேளும்" என்பார். நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவரை வெறுப்பேற்றுவது என் காலை நேரப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

டைமர் வந்தது, அவர்கள் வீட்டுக்கே போன் வந்தது, உமாவும் வளர்ந்துவிட்டாள். பிறந்தது முதல் கல்கத்தா என்பதால் தமிழைவிட வங்காளி அவளுக்குச் சரளம். வேலைக்குப் போனாள், இருபத்தேழு வயதும் ஆனது, வரன் மட்டும் கூடவில்லை. பெண் பார்க்க வந்த முதல் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருட்டில் தொட்டி ஸ்டாண்டில் முழங்காலை இடித்துக்கொண்டு நொண்டியபடியே போனார். இரண்டாவது கூட்டத்தில் ஒரு அம்மாள், "இந்த வீட்ல என்னமோ இருக்கு" என்று காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

மூன்றாவதாக ஹவுராவிலிருந்து ஒரு இடம் வந்தது. இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கும் திருநெல்வேலிக் குடும்பம், பையன் நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிறு சாயங்காலம் ராகு காலம், ஆகவே காலை பத்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதாவது தொட்டிக்கு நடு ராத்திரி. மதினி என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்.

"இருட்டுல வந்து பொண்ணு பாக்க, வாறவங்க என்ன திருடங்களா? நீங்களே கேளுங்க தம்பி."

"புது பல்பு மாட்டி பத்து நாளுகூட ஆகல வே" என்றார் அண்ணாச்சி. "பழசு மங்கிப்போயிருந்துது, இது சித்திர வெயிலா அடிக்குது. கொஞ்ச கொஞ்சமாத்தான் பழக்கிக்கிட்டிருக்கேன். பெரியவன் ஏற்கெனவே சுருண்டு கெடக்கான். இப்போ ராத்திரியையும் கெடுத்தா செத்துருவான்." பெரியவன் என்பது விரல் விரலாக ஆடுகிற அந்தப் பவளம்.

"அவன் செத்தா நான் தல முழுகுதேன். இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா தொட்டியோட கொண்டுபோய் ஆதிகங்கை வாய்க்கால்ல கொட்டிருவேன். சத்தியமாச் சொல்லுதேன்."

மதினி அப்படிச் செய்யக்கூடியவர்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் நீல டியூப் மட்டும் எரியலாம் என்று முடிவானது. "சரி, அன்னைக்கு ஒரு நாள் பௌர்ணமின்னு வச்சிக்கிடுதேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார் அண்ணாச்சி, சொத்தை எழுதிக் கொடுப்பவர் மாதிரி.

நீல வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. மற்றதெல்லாம் மங்கிப்போக, வெள்ளை மட்டும் பளீரென்று ஜொலிக்கும். முதலில் ஒரு சட்டை உள்ளே வந்தது, அதற்குள் மாப்பிள்ளை சங்கர் இருந்தார். பின்னால் அவருடைய அம்மா. உட்கார்ந்ததும் சங்கர் மரியாதைக்காக ஒரு புன்னகை செய்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல் வரிசை மின்ன, நடுவில் மட்டும் இரண்டு பல்லைக் காணோம், இருட்டுச் சந்து மாதிரி ஒரு ஓட்டை. அசல் பல் அந்த வெளிச்சத்தில் மின்னும், கட்டின பல் மின்னாது என்று அண்ணாச்சி எனக்குப் பிற்பாடு விளக்கினார். அந்த நிமிஷத்தில் அவரும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தார்.

உமா காப்பித் தட்டோடு வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "ஏ மா! சாம்னேர் தாந்த் துட்டோ கொத்தாய் கேலோ?" என்று வாய்விட்டுக் கேட்டே விட்டாள். முன்பல் இரண்டும் எங்கே போயிற்று என்று. மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாவது வரனும் போயிற்று, ஆதிகங்கைக்கு ஒரு தொட்டி போகிறது என்று நான் நினைத்தேன்.

சங்கரின் அம்மா அவர் தொடையைக் கிள்ளினார். அது எங்களுக்கும் தெரிந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல், தாழ்ந்த குரலில், "ஃபுட்பால் ஆடப்போய் மைதானத்துலயே விட்டுட்டு வந்துட்டேன். இது கட்டின பல்லு. அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க" என்றார்.

உமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தூர்!" என்று வங்காளியில் செல்லமாக அலுத்துக்கொண்டாள். "அதுக்கு ஏன் ரகசியம் மாதிரி மெதுவா சொல்றீங்க?"

சங்கர் தொட்டியைக் காட்டினார். "அதுங்க தூங்குதுல்ல?"

அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வந்ததிலிருந்து அந்தப் பிள்ளை தானாகவே குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அண்ணாச்சி இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தினார். "கேட்டீரா வே? கேட்டீரா?" உமா காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். சங்கரின் அம்மாவும் ஒருவழியாகச் சிரித்துவிட்டு டம்ளரைக் கையில் எடுத்தார். சம்மதம் என்பதை யாரும் வாயால் சொல்லத் தேவைப்படவில்லை.

பெரியவனும் பிழைத்துக்கொண்டான். கல்யாணத்துக்குச் சீரியல் விளக்கு வாங்க அண்ணாச்சியோடு மறுபடி எஸ்ரா தெருவுக்குப் போனேன். அதே கடை, அதே ஆள், அதே கேள்வி. "பியே பாடி, நா பூஜோ?" அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தி, "பியே பாடி!" என்றார். எத்தனை மீட்டர் என்பதை நான்தான் சொன்னேன்.

உமா நியூ டவுனுக்குக் குடிபோனாள். இருவருக்கும் வேலை நெருக்கடி, ஞாயிறு காலைதான் ஓய்வு. மத்தியானம் ஹவுராவில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். முதல் ஞாயிறு அவள் வந்தபோது கூடம் கறுப்புத் துணிக்குள் கிடந்தது. கண்ணாடியில் கையை வைத்து உள்ளே உற்றுப் பார்த்தாள். "இஷ், எல்லாரும் தூங்குறாங்க. எழுப்பாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு நான் சாப்பாட்டில் மோருக்கு வந்திருந்தபோதே, "விடிஞ்சிட்டு வே!" என்று குரல் வந்தது. அதற்கடுத்த வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு வாரம் கையில் பேப்பர் இருந்தது. கொஞ்ச நாளில் என் முதல் காப்பிக்கும் அண்ணாச்சியின் விடியலுக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. "என்ன அண்ணாச்சி, ஊர் சூரியனோட ராசியாயிட்டீங்களா?" என்று மாடியிலிருந்து கேலி செய்தேன். "ஒரேடியா மாத்துனா அதுக்குத் தாங்காதுல்லா வே" என்று மட்டும் சொன்னார். உமா ஞாயிறு காலைகளில் வந்து, விரிந்து ஆடுகிற பெரியவனிடம் வங்காளியில் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனாள்.

விடியல் முன்னால் போனால் அஸ்தமனமும் முன்னால் போகும் என்கிற சின்னக் கணக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் பாயசம் கொடுக்கக் கீழே போனேன். ஆறரை மணி இருக்கும். கூடம் இருட்டாக இருந்தது. அண்ணாச்சி ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல், தூங்குகிற தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மதினி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "தெனம் இதே கததான் தம்பி. வாரம் பூரா இருட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. செத்த நேரம் லைட்டப் போட்டுப் பாத்தா என்னன்னு கேட்டா, ஞாயித்துக்கெழம அவ வாறப்போ சுருங்கிருக்கும்ங்காக."

எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. இத்தனை வருஷம் இவரைப் போயா கேலி செய்துகொண்டிருந்தோம் என்று இருந்தது. பக்கத்தில் போய், "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன வே, இவ்வளவு மெதுவாப் பேசுதீரு? அதுக்குத்தான் காது கிடையாதே."

"இருக்கட்டும் அண்ணாச்சி, தூங்கட்டும்" என்றேன். மூலையில் கிடந்த நாற்காலியை இழுக்காமல், சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.